சுக்கானின் வாயில் கை விட்டவர்கள்

சென்ற மாதம் வில்லியனூரில் நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி முகாம் நடந்தது. பழைய ஆள் என்று என்னையும் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, தோளில் ஒரு துண்டையும் போர்த்தினார்கள். துண்டு கிடக்கட்டும். நான் அந்த வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சைக்கிள் டியூபை அறுத்துக் கழுத்துப்பட்டை செய்து கட்டிய நாய், கூடைக்குள் உட்கார்ந்த குட்டி, இடுப்பில் பிள்ளையைப் போல ஒரு செவலை நாயைத் தூக்கிக்கொண்டு நின்ற ஓர் அம்மாள். ஊசி நாய்க்கு, முகத்தைச் சுளித்தது அந்த அம்மாள். இளம் டாக்டர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்தக் காலத்தில் நாய்களுக்கு இந்த ஊசியெல்லாம் கிடையாதே, எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டார். எங்கே சமாளித்தோம், பயந்துகொண்டிருந்தோம் என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டு, அதை எழுதிக் கொடுங்கள், எங்கள் மலரில் போடுகிறோம் என்றார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

நான் உறுவையாற்றுக்காரன். வீட்டில் நெல்லும் கரும்பும். மாட்டை மேய்ப்பதற்கும் மாட்டுக்கு வைத்தியம் பார்ப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது என்று நம்பி, பிரெஞ்சுக்காரன் காலத்தில் இந்த உத்தியோகத்துக்கு வந்தேன். பட்டணத்தில் ஆறு மாதம் பயிற்சி. அதில் நான்கு மாதம் புட்டி கழுவினேன். மிச்ச இரண்டு மாதத்தில் மருந்தை நிறுக்கவும், கட்டுப் போடவும், புட்டியில் ஒட்டியிருக்கும் பிரெஞ்சு எழுத்தைக் கூட்டி வாசிக்கவும் கற்றுக்கொண்டேன். பிறகு வில்லியனூர், பாகூர் என்ற இரண்டு கொம்யூன் வட்டாரங்களிலும் இருக்கிற அத்தனை கிராமங்களுக்கும் கால்நடை டாக்டரின் உதவியாளன் என்று காகிதம் கொடுத்தார்கள். உதவியாளன் என்றால் மருந்து கலக்குபவன், நாய் பிடிப்பவன், டாக்டர் கை கழுவியதும் துணி நீட்டுபவன். எனக்கு இருபத்தாறு வயது, கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. எங்கள் ஊரில் சைக்கிள் வைத்திருந்த மூன்றாவது ஆள் நான். தலை கொஞ்சம் கனத்துத்தான் இருந்தது.

டாக்டர் ஞானப்பிரகாசத்தை எல்லாரும் முசே என்பார்கள், பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். பிரெஞ்சு உத்தியோகத்தில் பெரிய பதவி என்றால் தமிழனும் முசேதான். காரைக்காலில் பிறந்து, சைகோனில் பத்து வருஷம் பட்டாளத்துக் குதிரைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர். வெள்ளைக் கால்சட்டை, பளபளக்கும் கறுப்பு ஷூ. ஷூவில் சேறு பட்டுவிட்டால் அன்றைக்கு முழுக்க யாரோடும் பேச மாட்டார். படாத நாளிலும் அதிகம் பேசிவிட மாட்டார். என்னை எப்போதும் நீர் என்பார். கோபம் வந்தாலும் அதே நீர்தான், சத்தம் மட்டும் இன்னும் இறங்கும். அவர் குரல் காதில் விழாத அளவுக்குப் போனால், என்ன தப்புச் செய்தோம் என்று யோசிக்கத் தொடங்கிவிடுவேன்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்த மிருகம் வந்தாலும் முதல் ஐந்து நிமிஷம் தொட மாட்டார். முக்காலியை நாலு முழம் தள்ளிப் போட்டு உட்கார்ந்து, கடிகாரத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பார். நாய் எந்தக் காலைத் தாங்கி நிற்கிறது, மூச்சு எப்படிப் போகிறது, எஜமானைப் பார்க்கிறதா, சுவரைப் பார்க்கிறதா. பிறகு மூன்று கேள்வி கேட்பார். தின்றதா, குடித்ததா, குரல் மாறியிருக்கிறதா. தூரத்திலிருந்து நடந்து வந்த ஜனங்களுக்கு எரிச்சலாக இருக்கும். இவருக்கு ஒன்றும் தெரியவில்லை போலிருக்கிறது, உட்கார்ந்து யோசிக்கிறார் என்று என் காதில் கிசுகிசுப்பார்கள். ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஐந்து நிமிஷம் ஆனதும் துணிப் பட்டையால் நாயின் மூஞ்சியை இரண்டு சுற்றுச் சுற்றித் தாடைக்குக் கீழே ஒரு முடிச்சு, காதுக்குப் பின்னால் ஒரு முடிச்சு போடச் சொல்வார். பின்னால் போடுகிற முடிச்சு உருவு முடிச்சாக இருக்க வேண்டும், நாய்க்கு மூச்சு முட்டினால் ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். அதற்குப் பிறகுதான் கை வைப்பார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்கு ஒரு கட்டளை போட்டார். வாயை மூட முடியாமல் நிற்கிற நாயின் வாய்க்குள் கை விடாதீர், ஏன் மூட முடியவில்லை என்று தெரிகிற வரைக்கும் விடாதீர் என்றார். மாதம் ஒரு தடவை அதை மறுபடியும் சொல்வார். சொன்னதையே சொல்கிறாரே என்று எனக்குச் சலிப்பாக இருக்கும்.

சலிப்பு இருந்தாலும் அவர் வைத்தியத்தில் ஒரு ருசி இருந்தது. பாகூரில் ஒரு பெரிய பண்ணைக்காரர் சீமை நாய் ஒன்று வளர்த்தார். நெய்ச் சோறும் அதிரசமுமாகப் போட்டு அதை நடக்க முடியாமல் ஆக்கிவிட்டு, மருந்து வேண்டும் என்று வந்தார். முசே சீட்டில் ஒரே ஒரு வரி எழுதினார். காலையும் மாலையும் ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் நடை, நாயை வேறு ஆளிடம் கொடுக்கக் கூடாது, எஜமானே கூட்டிப் போக வேண்டும். மூன்று மாதம் கழித்து நாயும் இளைத்தது, பண்ணைக்காரரும் இளைத்தார். நாய்க்குத்தான் வைத்தியம் பார்த்தேன், அவருக்குப் பார்த்தது இனாம் என்று முசே சொன்னபோது முகத்தில் சிரிப்பே இல்லை. சொறி பிடித்த நாய்க்கு மண்ணெண்ணெய் பூசிக்கொண்டு வருகிறவர்களிடம், அதே எண்ணெயை உன் முதுகில் பூசி வெயிலில் நில், பிறகு பேசுவோம் என்பார்.

இனி என் வினைக்கு வருகிறேன். வில்லியனூர் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த ராவுத்தர் ஒரு வெள்ளைப் பூனை வளர்த்தார். எலிக்காக என்று வெளியே சொல்வார். அவர் மடியை விட்டு அந்தப் பூனை இறங்கி நான் பார்த்ததில்லை. ஒரு நாள் அது வாயைத் திறந்தபடி எச்சில் ஒழுக, காலால் முகத்தைப் பிறாண்டிக்கொண்டு வந்தது. முசே ஊரில் இல்லை. ராவுத்தர் அழாத குறை. நான் பூனையைச் சாக்கில் சுற்றிப் பிடித்து, விரலை விட்டுத் துழாவினேன். மேல் தாடையில் இரண்டு பக்கப் பல்லுக்கும் குறுக்கே ஒரு மீன் எலும்பு பாலம் போட்ட மாதிரி மாட்டியிருந்தது. இடுக்கியால் எடுத்தேன். பூனை அங்கேயே பால் குடித்தது. ராவுத்தர் கடைத்தெரு முழுக்க என் பெயரைச் சொல்லி, டாக்டரே தேவையில்லை, நம்ம தம்பி கை பட்டால் போதும் என்று புகழ்ந்துவிட்டார். முசே திரும்பி வந்து கேள்விப்பட்டபோது, பூனை பிழைத்தது, சந்தோஷம், நீரும் பிழைத்தீர் என்று மட்டும் சொன்னார். எனக்கு அது பொறாமையாகப் பட்டது.

அது நடந்து இரண்டு வாரம் இருக்கும். புதன்கிழமைதோறும் பாகூரில் ஒரு கொட்டகையில் வைத்தியம். வில்லியனூரிலிருந்து பாகூர் போக நடுவில் இங்கிலீஷ்காரன் மண்ணைத் தாண்ட வேண்டும். நம் ஊருக்கும் நம் ஊருக்கும் நடுவே சுங்கச் சாவடி. சுங்கக்காரன் மருந்துப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு புட்டியையும் மோந்து பார்ப்பான், சாராயம் இருக்குமோ என்று. கார்பாலிக் நெடி மூக்கில் ஏறித் தும்மிக்கொண்டே அனுப்புவான். அடுத்த வாரம் மறுபடியும் மோந்து பார்ப்பான். நான் சைக்கிளில் முந்தி வந்துவிடுவேன். பெட்டியோடு வண்டியில் வரும் முசே ஒரு மணி நேரம் பிந்துவார். அந்த ஒரு மணி நேரம் கொட்டகைக்கு நான்தான் டாக்டர்.

அந்தப் புதன்கிழமை மணப்பட்டிலிருந்து இரண்டு பெண்கள் ஒரு கறுப்பு நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தார்கள். மணப்பட்டு கடலோரத்து மீனவர் ஊர். மருமகள் பச்சையம்மா, ஆறு மாதக் கர்ப்பிணி. கூட வந்தது மாமியார் குப்பாயி. நாயின் பெயர் சுக்கான். பச்சையம்மாவின் புருஷன் கலியன் கட்டுமரத்தில் போகும்போது இது கரையில் உட்கார்ந்து திசை பார்த்துக்கொண்டிருக்குமாம். அவன் மரம் தண்ணீரில் புள்ளியாகத் தெரியும்போதே எழுந்து நிற்குமாம். மரத்தைத் திருப்புகிற சுக்கானின் பெயரை அதனால்தான் அவன் வைத்தானாம்.

நாயின் கீழ்த் தாடை தொங்கியிருந்தது. எச்சில் நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது. முள் மாட்டிக்கொண்டது என்று பச்சையம்மா சொன்னாள். மீன் தின்கிற ஊரில் நாய்க்கு முள் மாட்டுவது வாரத்துக்கு ஒன்று நடக்கும். அதற்கு அவர்களுக்கு ஒரு கைவைத்தியம் உண்டு. ஒருவர் நாயின் மேல் காலை அகட்டி உட்கார்ந்து தாடையைப் பிரிக்க, இன்னொருவர் முழங்கை வரை விட்டுத் தொண்டையைத் துழாவி முள்ளை எடுத்துவிட்டு, ஒரு உருண்டைச் சோற்றை உள்ளே தள்ளுவார். இதற்கும் அதைச் செய்து பார்த்துவிட்டார்கள். முள் அகப்படவில்லை.

எனக்கு ராவுத்தர் பூனை நினைவுக்கு வந்தது. நான் ஐந்து நிமிஷமும் பார்க்கவில்லை, மூன்று கேள்வியும் கேட்கவில்லை. விரலை விட்டேன். மேல் தாடையில் எலும்பு இல்லை, நாக்குக்கு அடியில் இல்லை, தொண்டையில் இல்லை. கையை வெளியே எடுக்கும்போது நாயின் கோரைப் பல் என் விரல் முட்டியில் உரசித் தோல் கிழிந்தது. நாய் கடிக்கவில்லை, கடிக்க அதற்குத் தாடையில் தெம்பே இல்லை. அந்த நேரம் பார்த்து முசேயின் வண்டி வந்து நின்றது. நான் கையை வேட்டியில் துடைத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

முசே முக்காலியில் உட்கார்ந்தார். கடிகாரத்தை எடுத்தார். நாய் யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி ஆடி ஆடி நின்றது. பின்னங்கால் துவண்டது. அவர் கேள்விகளைக் கேட்டார். இரண்டு நாளாகத் தின்னவில்லை. குரல்? பச்சையம்மா கொஞ்சம் யோசித்தாள்.

"கொரலு ஒடஞ்சி போச்சி தொரை. நேத்து ஊளை வுட்டுது, எங்க வூட்டு நாய்தானான்னு எனக்கே சந்தேகமா இருந்துது."

ஒரு பேசினில் தண்ணீர் வைக்கச் சொன்னார். சுக்கான் ஆசையாக மூக்கை விட்டது. மூக்கு முழுகியது, தண்ணீர் கலங்கியது, ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. பாருங்கள், தண்ணீருக்குப் பயப்படவில்லையே, வெறி இல்லை என்று குப்பாயி தெம்பாகச் சொன்னாள். அது அந்த ஊர் நம்பிக்கை மட்டும் இல்லை, இன்றைக்கும் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். வெறி பிடித்த மனிதனுக்குத்தான் தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகும். நாய் தண்ணீருக்குப் பயப்படாது. ஓடிக் கடிக்கிற வெறி ஒன்று, தாடை தொங்கிப் படுத்துவிடுகிற வெறி இன்னொன்று. இரண்டாவதைத்தான் முள் மாட்டியது என்று நினைத்து எல்லாரும் வாயில் கை விடுவார்கள்.

முசே நாயைத் தெரு மாடுகளை அடைக்கிற கொம்யூன் பட்டியில் தனியாகச் சங்கிலி போட்டுக் கட்டச் சொன்னார். அடிக்கக் கூடாது, கொல்லக் கூடாது, என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு காகிதத்தை எடுத்து, இதன் வாயில் கை விட்டவர்கள் யார் என்று கேட்டார். பச்சையம்மா என்றேன், எழுதினார். குப்பாயி என்றேன், எழுதினார். அதோடு நிறுத்தினேன். அவர் பேனாவை மூடவில்லை. என் முதுகுக்குப் பின்னால் இருந்த கையைப் பார்க்கவும் இல்லை.

"உம்முடைய பெயரை நான் எழுதவா, நீரே எழுதுகிறீரா?"

அந்தக் குரல் அநேகமாகக் காதில் விழவில்லை. நானே எழுதினேன். மூன்று பேரையும் உட்கார வைத்து, கார்பாலிக் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கடிகாரம் பார்த்துக் கை கழுவ வைத்தார். என் விரல் முட்டிக் காயத்தைக் கார மருந்து வைத்துச் சுட்டார். வலித்தது. அதைவிட வெட்கமாக இருந்தது.

அன்று மத்தியானமே என்னை மணப்பட்டுக்கு அனுப்பினார். நாயைத் தொட்டவர்கள் வேறு யார் என்று ஒருவர் விடாமல் கேட்டு வர வேண்டும். தெருமுனையில் நின்று சத்தம் போட்டேன். எங்கள் ஊரில் இப்படிக் கூப்பிட்டால் வயலில் இருக்கிறவன்கூட மண்வெட்டியோடு ஓடி வந்துவிடுவான். இங்கேயும் கூட்டம் கூடியது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் தாடையைப் பிடித்ததாகச் சொன்னார். அவர் பெயரை எழுதிக்கொண்டேன். வேறு யாரும் இல்லை என்றார்கள். திரும்பி வந்தபோது, எல்லாரையும் கேட்டீரா என்று முசே கேட்டார். எல்லாரையும் கேட்டேன் என்று சொன்னேன்.

மறுநாள் முதல் பட்டணத்து ஆஸ்பத்திரியில் ஊசி. வயிற்றில், தொப்புளைச் சுற்றி, நாளைக்கு ஒன்றாகப் பதினான்கு. கடிக்கவே இல்லையே, ஊசி எதற்கு என்று குப்பாயி முரண்டு பிடித்தாள். தனக்குப் போட்டால் போடட்டும், பிள்ளை இருக்கிற வயிற்றில் எவன் குத்துவான் என்றாள். பச்சையம்மா இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு நின்றாள். எனக்கும் ஒரு குழந்தை இருந்தது. அந்தக் கைகளைப் பார்க்க முடியவில்லை. சட்டையைத் தூக்கி, என் வயிற்றுத் தோலைக் கிள்ளிக் காட்டினேன். இந்தத் தோலுக்கு அடியில்தான் மருந்து நிற்கும், உள்ளே போகாது, முதல் ஊசி எனக்கு, நீ பார்த்துவிட்டுச் சொல் என்றேன். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்த மாதிரி படுத்திருந்தேன். வெளியே வந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"நெசமாவே வலிக்கலியா?"

வலித்தது என்றேன். பொய் சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டாள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். உள்ளே போனாள். அதன்பிறகு தினமும் நான் முன்னால், அவள் பின்னால், குப்பாயி முணுமுணுத்துக்கொண்டு மூன்றாவதாக, பக்கத்து வீட்டுக்காரர் கடைசியாக. பட்டணத்தில் சொந்தக்காரர் குடிசையில் அவர்கள் தங்கியிருந்தார்கள்.

மூன்றாம் நாள் சுக்கான் பட்டியிலேயே செத்தது. முசே அதன் தலையைப் பரிசோதனைக்கு அனுப்பினார். பதில் வரட்டும் என்று ஊசியை நிறுத்தாதீர்கள், பதில் மெதுவாக வரும், நோய் காத்திருக்காது என்றார்.

ஆறாம் நாள் ஊசி போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தோம். குப்பாயி உள்ளே இருந்தாள். பச்சையம்மா தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேசினாள்.

"அண்ணே, கடலுக்குப் போனவங்களுக்கும் ஊசி வோணுமா?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை. யாருக்கு என்றேன்.

"அவருதான் மொதல்ல கைய வுட்டாரு. ராத்திரி பூரா தொழாவிப் பாத்துட்டு, விடியறதுக்கு முன்ன மரம் ஏறிட்டாரு. கடல்ல கீறவரப் பத்திக் கெட்ட பேச்சு பேசக்கூடாதுன்னு அத்தை சொல்லிச்சி. நீங்களும் கேக்கலியே."

நான் கேட்கவில்லை. அதுதான் உண்மை. கூப்பிட்ட குரலுக்கு வந்து நின்றவர்களைக் கேட்டேன். மீனவர் ஊரில் பாதி ஆண்கள் எந்நேரமும் தண்ணீரில் இருப்பார்கள் என்பது வயல்காரன் புத்திக்கு எட்டவில்லை. கலியன் ஒரு கூட்டத்தோடு கடலூருக்குத் தெற்கே ஒரு கரையில் தங்கி மீன் பிடிக்கப் போயிருந்தான். வர இன்னும் நாளாகும் என்றாள்.

வில்லியனூர் வரை சைக்கிளை எப்படி மிதித்தேன் என்று தெரியாது. முசே நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"எல்லாரையும் கேட்டதாகச் சொன்னீர்."

"கரையில் இருந்தவங்களைக் கேட்டேன், முசே."

அவர் திட்டவில்லை. தொப்பியை எடுத்தார். வாடகை மோட்டார் ஒன்றைப் பிடித்துப் புறப்பட்டோம். சுங்கச் சாவடியில் அதே ஆள் வழக்கம் போல மருந்துப் பெட்டியைத் திறக்கக் குனிந்தான். முசே பெட்டியைத் தூக்கி அவன் கையிலேயே கொடுத்து, ஆற அமர மோந்து பார், திரும்பும்போது வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியை விடச் சொன்னார்.

கேட்டுக் கேட்டு அந்தக் கரையைக் கண்டுபிடித்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. மரங்கள் அப்போதுதான் திரும்பிக்கொண்டிருந்தன. கலியன் எந்த மரத்தில் என்று கேட்டு, அது அலையைத் தாண்டி வருகிற இடத்தைப் பார்த்து முசே நடந்தார். ஷூவைக் கழற்றவில்லை. முழங்கால் தண்ணீரில் வெள்ளைக் கால்சட்டையோடு போய் நின்று, மரத்தின் முனையைப் பிடித்துக்கொண்டார். கலியன் பயந்துபோனான். என்னைப் பார்த்ததும் பாகூர்க் கொட்டகை ஆள் என்று தெரிந்துகொண்டான்.

"சுக்கானுக்கு முள்ள எடுத்துட்டீங்களா?"

முசேதான், முள் இல்லை, அது வெறி, நாய் செத்துவிட்டது என்று சொன்னார். கலியன் துடுப்பைப் போட்டுவிட்டு மணலில் உட்கார்ந்தான். கையைக் காட்டச் சொன்னோம். வலது உள்ளங்கை முழுக்கத் தூண்டில் கயிறு அறுத்து ஆறாத புண். அந்தப் புண்ணோடுதான் அன்று ராத்திரி முழுக்கக் கையை நாயின் வாயில் வைத்திருந்தான். முசேயின் முகம் மாறியதை நான் பார்த்தேன். எங்கள் நாலு பேரையும்விட இவனுக்குத்தான் ஆபத்து அதிகம், இவன்தான் பட்டியலில் இல்லை.

நாய்தான் போய்விட்டதே, தனக்கு எதுக்கு ஊசி, மீன் இப்போதுதான் படுகிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்றான். முசே தமிழிலும் பிரெஞ்சிலும் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். கடைசியில் நான்தான் குறுக்கிட்டேன். உன் பெண்சாதி வயிற்றுப் பிள்ளையோடு ஆறு ஊசி போட்டுக்கொண்டாள், இன்றைக்குக் காலையில் உன்னைப் பற்றிச் சொன்னதும் அவள்தான் என்றேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு எழுந்து மோட்டாரில் ஏறினான்.

அவனுக்கு ஊசி முடிவதற்குள் பரிசோதனைப் பதில் வந்துவிட்டது. வெறிநோய்தான். ஊசி போட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். அந்த நோய் ஒரு மாதத்திலும் வரும், மூன்று மாதத்திலும் வரும், அதற்குப் பிறகும் வரும். கலியனுக்கு ஒரு வாரம் தாமதம். அந்த ஒரு வாரம் என்னுடையது. இரவில் என் குழந்தை தூங்கும்போது அதையே நினைத்துக்கொண்டிருப்பேன். இளம் டாக்டர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். எதிரில் நிற்கிறவர்களைக் கேட்டு முடித்த பிறகு, இங்கே இல்லாதவர்கள் யார் யார் என்று ஒரு தடவை கேளுங்கள். வேலையிலிருந்து ஓய்வு பெறும் நாள் வரை நான் அதைக் கேட்காமல் எந்த வீட்டு வாசலையும் விட்டு வந்ததில்லை.

ஆறு மாதத்துக்குப் புதன்கிழமைதோறும் அந்த நாலு மணப்பட்டுக்காரர்களும் பாகூர்க் கொட்டகைக்கு வர வேண்டும் என்று முசே உத்தரவு போட்டார். வந்தால் மருந்து கிடையாது, பேச்சும் கிடையாது. பானையிலிருந்து ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு கொடுக்கச் சொல்வார். அவர் முக்காலியில் உட்கார்ந்து, அவர்கள் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருப்பார். கடைசி டம்ளர் எனக்கு. ஒரு வாய்த் தண்ணீருக்கு இவ்வளவு தூரம் நடக்க வைக்கிறாரே என்று குப்பாயி தலையில் அடித்துக்கொள்வாள். காரணத்தை யாரும் அவளிடம் சொல்லவில்லை. பச்சையம்மாவுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். கலியன் குடிக்கும்போது அவள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள், டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் திரும்புவாள்.

நடுவில் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஒரு குறையும் இல்லை. நான் உறுவையாற்றிலிருந்து வெல்லமும் ஒரு கட்டுக் கரும்பும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் முன்னால் நின்றுகொண்டு அழுதுவிட்டேன். அழுததில் எனக்கு வெட்கம் இல்லை.

ஆறு மாதம் முடிந்த புதன்கிழமை குழந்தையையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வழக்கம் போலத் தண்ணீர் கொடுத்தேன். குப்பாயி குடித்தாள், பக்கத்து வீட்டுக்காரர் குடித்தார், பச்சையம்மா குடித்தாள். கலியன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு மீசையைத் துடைத்தான். நானும் குடித்தேன். முசே கடிகாரத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இனிமேல் இங்கே வர வேண்டாம், உங்கள் வீட்டுத் தண்ணீரையே குடியுங்கள் என்றார். பிறகு என்னிடம் கையை நீட்டி, தனக்கும் ஒரு டம்ளர் கேட்டார். கொஞ்சம் தண்ணீர் ஷூவில் சிந்தியது, அவர் குனிந்து பார்க்கவில்லை. அவர் குடித்து முடித்து இன்னொரு டம்ளர் கேட்டார். ஆறு மாதமாகப் பயந்துகொண்டிருந்தது நான் ஒருவன் மட்டும் இல்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பெண்கள் குழந்தையோடு சாலைக்குப் போய்விட்டார்கள். கலியன் மட்டும் போகாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். இன்னும் என்ன என்று முசே கேட்டார். அவன் காலால் மண்ணைக் கிளறிக்கொண்டே தயங்கினான்.

"ஒண்ணுமில்ல தொரை. வூட்ல இன்னொரு நாய் வளக்கலாமா?"

முசே அவனை நன்றாக ஒரு நிமிஷம் பார்த்தார்.

"வளர்க்கலாம். வாயில் மட்டும் கை விடாதே."